ரூபாய்க்கு எத்தனை படி?

ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் நம் கைப்பேசிக்கு ஒரு படம் வந்து சேர்கிறது. நீலப் பின்னணியில் அண்ணல் அம்பேத்கர், பக்கத்தில் ரிசர்வ் வங்கியின் முத்திரை, கீழே 'ரிசர்வ் வங்கியின் தந்தை' என்று ஒரு வரி. நாமும் அதை உடனே நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு இன்னொரு செய்தி சுற்றியது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை ரூபாய் நோட்டுகளை மாற்றவேண்டும் என்று அம்பேத்கரே எழுதியிருக்கிறார், அரசு அதைத்தான் செய்திருக்கிறது என்றார்கள். கூலியாக வாங்கிய ஒற்றை 500 ரூபாய் நோட்டை மாற்ற வேலையை விட்டுவிட்டு வங்கி வாசலில் நின்ற நம் மக்களிடம், அவர்கள் தலைவரின் பெயரைச் சொல்லியே அது நியாயப்படுத்தப்பட்டது.

அவர் எழுதிய 'ரூபாயின் பிரச்சினை' நூலில் அப்படி ஒரு பரிந்துரை கிடையாது. ரிசர்வ் வங்கிக்கான வரைபடமும் அதில் இல்லை. அந்த நூலில் இருப்பது இந்த இரண்டையும்விட நமக்குப் பயன்படக்கூடிய ஒன்று. ரூபாயின் மதிப்பு மாறும்போது யாருடைய பை நிறைகிறது, யாருடைய தட்டு குறைகிறது என்று பார்க்கும் ஒரு கணக்கு. 1923இல் அவர் போட்ட அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், இன்று தொலைக்காட்சியில் 'டாலருக்கு நிகரான ரூபாய் வீழ்ச்சி' என்று ஓடும் வரியையும் நம்மால் படிக்க முடியும். பொருளாதாரம் படித்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நாம் ஒதுக்கிவைத்த இடத்தில்தான் நம் கூலி தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே கொஞ்சம் பொறுமையாக, தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

உள்விலையும் வெளிவிலையும்

ரூபாய்க்கு இரண்டு விலைகள் உண்டு. ஒரு ரூபாய் கொடுத்தால் எவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய் கிடைக்கும் என்பது உள்விலை. ஒரு ரூபாய் கொடுத்தால் எவ்வளவு டாலர் கிடைக்கும் என்பது வெளிவிலை. வெள்ளையர் காலத்தில் டாலரின் இடத்தில் பவுன் இருந்தது.

செய்தித்தாள்கள் வெளிவிலையைத் தினமும் அச்சிடுகின்றன. உள்விலையை நம் வீட்டுப் பெண்கள் தினமும் கடையில் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டு மக்களுக்கு ரூபாயின் உள்விலை என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்பதுதான் தி.மு.க.வின் பெரிய வாக்குறுதி. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கினார்கள். ரூபாயை அரிசிப் படியால் அளந்த முழக்கம் அது. ஓர் ஆட்சி போய் இன்னொன்று வந்ததில் அந்தப் படிக்கும் பங்கு உண்டு.

இந்த இரண்டு விலைகளும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்று கட்டாயம் இல்லை. வெளிவிலை ஆடாமல் அசையாமல் இருக்கும்போதே உள்விலை கரைந்துபோகலாம். ஓர் அரசு எதைக் காப்பாற்ற முனைகிறது என்பதிலிருந்து அது யாருக்காக நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அம்பேத்கரின் ஆய்வு முழுவதும் இந்த வேறுபாட்டைச் சுற்றித்தான் நடக்கிறது.

வெள்ளி விழுந்த கதை

நம் பகுதியில் ஒரு காலத்தில் வராகன், பணம், காசு என்றுதான் கணக்கு. வராகன் தங்க நாணயம். 1818இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் வராகனை விட்டுவிட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறியது. மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்று கணக்கு வைத்தார்கள். 1835இல் கம்பெனி ஆண்ட பகுதிகள் அனைத்துக்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை 180 கிரெயின், அதில் தூய வெள்ளி 165 கிரெயின். வெள்ளி வைத்திருக்கும் எவரும் நாணயச்சாலைக்குக் கொண்டுபோய், சிறு கட்டணம் செலுத்தி, அதை ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். ஆகவே ரூபாயின் மதிப்பு என்பது அதிலிருந்த வெள்ளியின் மதிப்புதான்.

இங்கிலாந்தின் பணமோ தங்கம். அவர்களுடைய ஒரு பவுன் தங்கக் காசின் எடை ஏறக்குறைய 8 கிராம். இன்றும் நகைக்கடையில் 'ஒரு பவுன்' என்றால் 8 கிராம் என்கிறோமே, அந்தக் கணக்கு இந்தக் காசிலிருந்து வந்ததுதான். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக மொத்தம் 240 பென்ஸ். 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் ஏறக்குறைய 2 ஷில்லிங், அதாவது 24 பென்ஸ். பத்து ரூபாய் கொடுத்தால் ஒரு பவுன்.

அப்போது இரண்டு விஷயங்கள் நடந்தன. ஜெர்மனி தங்கத்துக்கு மாறி, தன்னிடமிருந்த வெள்ளியைச் சந்தையில் விற்றது. அதைப் பார்த்து மற்ற நாடுகளும் வெள்ளியைக் கைவிட்டன. அதே காலத்தில் அமெரிக்காவின் நெவாடாச் சுரங்கங்களிலிருந்து புதிய வெள்ளி வந்து குவிந்தது. லண்டன் சந்தையில் ஓர் அவுன்ஸ் 60 பென்ஸுக்கு விற்ற வெள்ளி, 1892இல் 40 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. வெள்ளியோடு சேர்ந்து ரூபாயும் இறங்கி ஏறக்குறைய 15 பென்ஸ் ஆனது. ஒரு பவுன் வாங்க இப்போது 16 ரூபாய் தேவைப்பட்டது.

இதில் அரசுக்கு என்ன கவலை? இந்தியாவை ஆளும் செலவில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் லண்டனில் பவுனாகக் கட்ட வேண்டியிருந்தது. ரயில் கடனுக்கு வட்டி, ஓய்வுபெற்ற வெள்ளை அதிகாரிகளுக்கு ஓய்வூதியம், படைச் செலவு, இந்தியா அலுவலகச் செலவு. இவற்றுக்கு 'ஹோம் சார்ஜஸ்' என்று பெயர். 1892-93இல் இப்படிச் சென்ற தொகை ஒன்றரைக் கோடி பவுனுக்கும் மேல். பவுன் பத்து ரூபாயாக இருந்தால் 16 கோடி ரூபாயில் முடிந்திருக்கும் செலவுக்கு 26 கோடி ரூபாய் வேண்டியிருந்தது. அந்த ரூபாய் வரியிலிருந்து வரவேண்டும். நிலவரியும் உப்பு வரியும் யார் தலையில் விழுந்தன என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

மூடிய கதவு

1893 ஜூன் 26 அன்று அரசு நாணயச்சாலையின் கதவைப் பொதுமக்களுக்கு மூடியது. ஹெர்ஷெல் குழு சொன்ன வழி அது. இனி யாரும் வெள்ளியைக் கொடுத்து ரூபாய் வாங்க முடியாது. ரூபாய் அரிதானால் அதன் மதிப்பு ஏறும் என்பது எதிர்பார்ப்பு. சில ஆண்டுகளில் அது நடக்கவும் செய்தது. 1898 வாக்கில் ரூபாய் 16 பென்ஸுக்கு ஏறியது. 1899இல் 15 ரூபாய் ஒரு பவுன் என்று சட்டமானது.

ஏழைகளின் சேமிப்பு என்ன ஆனது என்று அப்போது பேசியவர்கள் குறைவு. வங்கிக் கணக்கு இல்லாத குடும்பத்துக்குக் கையில் கிடக்கும் வெள்ளிக் காப்பும் காலில் கிடக்கும் தண்டையும்தான் சேமிப்பு. முன்பு அந்த வெள்ளிக்கு நாணயச்சாலை என்ற கடைசித் துணை இருந்தது. வெள்ளிக்கு ஈடான ரூபாய் எப்படியும் கிடைக்கும். கதவு மூடிய பிறகு ரூபாய் ஒருபுறம் ஏற, வெறும் வெள்ளி மறுபுறம் இறங்கியது. 1896-97 பஞ்சத்தில் காப்பைக் கழற்றிக்கொண்டு போனவர்களுக்குக் கிடைத்தது அந்த இறங்கிய விலை.

அடுத்து நடந்ததுதான் அம்பேத்கரின் கோபத்துக்குக் காரணம். பொதுமக்களுக்கு மூடிய நாணயச்சாலையில் 1900 முதல் அரசு தனக்காக ரூபாய் அடிக்கத் தொடங்கியது. ஏறக்குறைய 10 பென்ஸ் பெறும் வெள்ளியை வாங்கி, முத்திரை குத்தி, 16 பென்ஸ் ரூபாயாக வெளியே விட்டது. ஒவ்வொரு ரூபாயிலும் லாபம். அந்த லாபம் பெரும்பாலும் லண்டனில் இருப்பு வைக்கப்பட்டது. வெளிநாட்டுக் கணக்குத் தீர்க்க மட்டும் ரூபாயைப் பவுனோடு இணைத்து வைத்திருந்தார்கள். இதற்குப் பொன் மாற்றுத் திட்டம் என்று பெயர். இந்தத் திட்டத்தை 1913இல் ஒரு நூலெழுதிப் பாராட்டியவர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். பின்னாளில் உலகப் பொருளாதாரத்தின் பெரும் பெயராக ஆனவர்.

வெளியிலிருந்து பார்த்தால் திட்டம் வெற்றிதான். ரூபாய் 16 பென்ஸில் ஆணி அடித்ததுபோல நின்றது. லண்டனுக்குப் பணம் அனுப்பும் அரசுக்கும் வங்கிக்கும் வணிகருக்கும் நிம்மதி. அதே ஆண்டுகளில் இந்தியாவுக்குள் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. வெளிவிலை நின்றது, உள்விலை கரைந்தது.

போர் வந்தது, அரிசி போனது

1914இல் முதல் உலகப்போர் தொடங்கியதும் இந்தக் கரைசல் வேகமெடுத்தது. பிரிட்டன் தன் படைகளுக்காகக் கோதுமை, சணல், தோல் என்று இந்தியாவில் வாங்கிக் குவித்தது. அதற்கான பணம் லண்டனில் பவுன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. இங்கே விற்றவருக்கோ ரூபாய் கொடுத்தாக வேண்டும். ஆகவே அரசு நோட்டை அச்சடித்தது. 1914இல் புழக்கத்தில் ஏறக்குறைய 66 கோடி ரூபாய் நோட்டுகள் இருந்தன. 1919இல் அது 150 கோடியைத் தாண்டியது. வெள்ளி கிடைக்காமல் 1917இல் ஒரு ரூபாய்க்கும் நோட்டு அடித்தார்கள். மறு ஆண்டு அமெரிக்கா தன் கருவூலத்து வெள்ளி டாலர்களை உருக்கி 20 கோடி அவுன்ஸ் இந்தியாவுக்கு விற்றது.

பொருள் கப்பலேறிப் போக, ஊருக்குள் ரூபாய் பெருகினால் விலை என்ன ஆகும்? 1918இல் மழையும் பொய்த்தது. அந்தச் செப்டம்பரில் சென்னை நகரத்தில் மக்கள் கடைகளை உடைத்து அரிசியும் துணியும் அள்ளிக்கொண்டு போனார்கள். மாகாணத்தின் வேறு ஊர்களிலும் அது நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. விலை ஏற ஏறக் கூலி அப்படியே நின்றது அந்தச் சங்கம் வளர ஒரு பெருங்காரணம்.

அந்த வரலாற்றில் நமக்கு ஒரு கசப்பும் உண்டு. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அந்த மோதல் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிவதில் போய் முடிந்தது. வயிற்றைச் சுருக்கிய விலையேற்றம் எல்லாத் தொழிலாளருக்கும் பொது. ஆனால் பல மாதம் கூலியில்லாமல் தாக்குப்பிடிக்க நிலமோ உறவோ கடன் தருபவரோ இருந்தவர்கள் ஒருபுறம், எதுவுமே இல்லாதவர்கள் மறுபுறம். ஒரே விலையேற்றம் எல்லோர் மேலும் ஒரே எடையில் விழுவதில்லை என்பதற்கு இது நம் ஊர்ச் சான்று.

லண்டனில் ஒரு மாணவர்

இந்த ஆண்டுகளில் அம்பேத்கர் பம்பாய் சிடனம் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த பேராசிரியர் அவர். அப்படியிருந்தும் ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று உடன் பணியாற்றிய சிலர் ஆட்சேபித்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடும், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியோடும், 1920இல் பாதியில் நின்ற படிப்பை முடிக்க லண்டன் திரும்பினார்.

அந்த நேரத்தில் ரூபாயே பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளி விலை ஏறியதால் 1919 இறுதியில் 28 பென்ஸ் வரை போன ரூபாய், 1921 தொடக்கத்தில் 15 பென்ஸ் அளவுக்கு விழுந்தது. இந்தியாவிலிருந்து வரும் ரூபாயை நம்பி லண்டனில் வாடகை கொடுத்த எந்த மாணவரும் இதை வயிற்றில் உணர்ந்திருப்பார். அவர் தன் டி.எஸ்சி. பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளும் ரூபாய்தான்.

'ரூபாயின் பிரச்சினை: அதன் தோற்றமும் தீர்வும்' 1923இல் லண்டனில் நூலாக வந்தது. முன்னுரை எழுதியவர் அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன். மாணவரின் முடிவுகள் பலவற்றோடு தனக்கு உடன்பாடு இல்லை என்று சொல்லிக்கொண்டே பாராட்டி எழுதினார். கெய்ன்ஸ் பாராட்டிய திட்டத்தை 32 வயது இந்திய மாணவர் ஒருவர் நேருக்கு நேர் மறுத்திருந்தார்.

அவர் வாதத்தை நம் சொற்களில் சுருக்கினால் மூன்று படிகள்.

முதலாவது, பணம் நிலையாக இருக்கிறது என்றால் அதன் வாங்கும் சக்தி நிலையாக இருக்கவேண்டும். லண்டனில் அதற்கு எத்தனை பென்ஸ் கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு பவுனைக்கூட வாங்கப்போவதில்லை. அவர்கள் தினமும் வாங்குவது தானியமும் உப்பும் துணியும்.

இரண்டாவது, ரூபாய் அடிக்க அடிக்க லாபம் கிடைக்கும் அதிகாரத்தை அரசின் கையில் கட்டுப்பாடில்லாமல் கொடுத்தால், அது அடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆள்பவர் நல்லவரா கெட்டவரா என்பதை நம்பி ஒரு நாட்டின் பணம் இருக்கக்கூடாது. ஆகவே நாணயச்சாலைக் கதவைப் பொதுமக்களுக்கு மூடியதுபோல அரசுக்கும் மூடு, ரூபாயின் அளவுக்கு வரம்பு கட்டு என்றார்.

மூன்றாவது, பணத்தின் மதிப்பு குறையும்போது எல்லா விலைகளும் ஒரே நாளில் ஏறுவதில்லை. சரக்கின் விலை முதலில் ஏறும். கூலி கடைசியில்தான் ஏறும். இடைப்பட்ட காலத்தில் கூலிக்காரரின் தட்டில் குறைவது முதலாளியின் கணக்கில் லாபமாகச் சேரும்.

பதினாறா, பதினெட்டா?

1925இல் ரூபாயின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க ஹில்டன் யங் தலைமையில் அரச ஆணையம் வந்தது. அந்த டிசம்பரில் அம்பேத்கர் அதன் முன் சாட்சியம் அளித்தார். அப்போது நாட்டில் நடந்த சண்டை இதுதான்: ரூபாய் 18 பென்ஸில் நிற்கவேண்டுமா, பழைய 16 பென்ஸுக்கு இறங்கவேண்டுமா? புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் உள்ளிட்ட இந்திய வணிகத் தலைவர்களும் தேசியவாதிகள் பலரும் 16 என்றார்கள். அதுதான் இந்தியாவுக்கு நல்லது என்றார்கள்.

ஏன் 16? கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து லண்டனுக்குத் தோல் ஏற்றுமதி செய்யும் வியாபாரி ஒரு பவுனுக்குச் சரக்கு விற்கிறார். ரூபாய் 18 பென்ஸ் என்றால் அவர் கைக்கு வருவது 13 ரூபாய் 33 பைசா. 16 பென்ஸ் என்றால் 15 ரூபாய். அதே தோல், அதே உழைப்பு. ஒன்றே முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய அதிகம் கிடைக்கிறது. அந்தத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மிதித்த தொழிலாளியின் கூலி மாறவில்லை. ஆனால் அவர் வாங்கும் மண்ணெண்ணெய் கப்பலில் வருகிறது. துணியும் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. ரூபாய் இறங்கினால் அவை இரண்டும் விலை ஏறும்.

அம்பேத்கர் இந்த இடத்தில்தான் தேசத்தைப் பிரித்துப் பார்த்தார். ரூபாய் இறங்கினால் ஏற்றுமதி பெருகும், இந்தியாவுக்கு லாபம் என்கிறீர்கள். அந்த லாபம் வெளிநாட்டிலிருந்து வருவதில்லை, இந்தியாவுக்குள் ஒரு வர்க்கத்தின் கையிலிருந்து இன்னொரு வர்க்கத்தின் கைக்குப் போகிறது என்று காட்டினார். மதிப்பை ஒரேயடியாகக் குறைத்தால் உழைத்து உண்பவர் நசுங்குவார். மிக உயரத்தில் நிறுத்தினால் தொழில் நசுங்கும், அதனால் வேலையும் போகும். ஆகவே 16க்கும் 18க்கும் நடுவே ஓரிடத்தில் நிறுத்தலாம் என்பது அவர் நிலை. வியாபாரியின் நலனை அவர் தள்ளிவிடவில்லை. அது மட்டுமே தேசத்தின் நலன் என்று ஒப்புக்கொள்ள மறுத்தார்.

ஆணையம் 1926இல் 18 பென்ஸ் என்று சொன்னது. நாட்டுக்கு ஒரு மத்திய வங்கி வேண்டும் என்றும் சொன்னது. 1927இல் 18 பென்ஸ் சட்டமானது. 1934இல் சட்டம் நிறைவேறி, 1935 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி இயங்கியது. வங்கி வந்த பாதையில் அம்பேத்கரின் சாட்சியம் ஒரு மைல்கல் என்று சொன்னால் அது உண்மை. அவர் நூலை வைத்தே வங்கி கட்டப்பட்டது என்றால், அவர் கேட்ட கேள்வியை மறைத்துவிட்டு ஒரு பட்டத்தை மட்டும் அவருக்குச் சூட்டுகிறோம்.

கூலியைத் துரத்தும் விலை

விலைக்குப் பின்னால் கூலி நொண்டிக்கொண்டு வருகிறது என்று 1920களில் எழுதியவர், 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். குறைந்தபட்சக் கூலி மசோதாவை மத்திய சட்டமன்றத்தில் 1946இல் அறிமுகப்படுத்தியவர் அவர்தான். அது 1948இல் சட்டமானது. அடிப்படைக் கூலியோடு, வாழ்க்கைச் செலவு ஏறும்போது அதற்கேற்ப மாறும் படியையும் நிர்ணயிக்க அச்சட்டம் வழி செய்தது. ஆய்வேட்டில் கண்ட நோய்க்குச் சட்டத்தில் மருந்து.

அந்த மருந்து சேரிக்கு வந்து சேர்ந்ததா? கீழத்தஞ்சையில் பண்ணைக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. நெல் கூலிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. விலை ஏறினாலும் படி படிதான். அதனாலேயே கூலியைக் கூட்டிக் கேட்பதும் படிக்கணக்கில்தான் நடந்தது. 1965, 1966 இரண்டு ஆண்டுகளும் நாடெங்கும் வறட்சி. 1966 ஜூன் 6 அன்று டாலர் 4 ரூபாய் 76 பைசாவிலிருந்து 7 ரூபாய் 50 பைசா ஆனது. அந்த ஆண்டுகளின் விலைவாசிக்கு நடுவில் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் கட்டி, கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அடுத்த ஆண்டு தஞ்சை மாவட்டத்துக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. விலைவாசி, கூலி, வாங்கும் சக்தி என்பவை பாடப்புத்தகச் சொற்கள் என்று யாராவது சொன்னால், வெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். அரைப்படிக்கு விலை 44 உயிர் என்று சாதி எழுதிய கணக்கு அது.

இன்றைய கணக்கு

2022இல் டாலர் 80 ரூபாயைத் தாண்டியது. ஏற்றுமதிக்கு நல்லது என்று அப்போதும் சிலர் தேற்றினார்கள். நூறாண்டுக்கு முந்தைய அதே வாதம். நாம் கேட்கவேண்டிய கேள்வியும் அதேதான். நம் நாடு பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இறக்குமதி. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. ரூபாய் இறங்கும்போது லாரி வாடகை ஏறும், காய்கறி விலை ஏறும், எரிவாயு உருளை ஏறும், சூரியகாந்தி எண்ணெய் ஏறும். மென்பொருள் நிறுவனத்துக்கு டாலரில் வரும் வருமானம் ரூபாயில் பெருகும். அதே நிறுவனத்தின் கழிப்பறையைக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் ரூபாயில்தான், அதுவும் போன ஆண்டு பேசிய ரூபாயில்.

நமக்கு ஓர் அரண் இருக்கிறது, அதை மறந்துவிடக்கூடாது. தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, பாமாயிலும் துவரம் பருப்பும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. 1967இன் படி அரிசி முழக்கத்தின் வாரிசு அது. ரேஷன் கடையை 'இலவசம்' என்று பழிப்பவர்களிடம் சொல்லுங்கள்: விலைக்குப் பின்னால் நொண்டும் கூலிக்கு அது ஊன்றுகோல்.

அரசு ஊழியருக்கு விலைவாசி ஏறினால் ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. முன்பு இதைப் பஞ்சப்படி என்றே சொல்வார்கள். உழைக்கும் எவருக்கும் கிடைக்கவேண்டிய நியாயம் அது. தூய்மைப் பணி ஒப்பந்தத்துக்குப் போனபோது நம் மக்கள் இழந்தது வேலைப் பாதுகாப்பை மட்டுமல்ல, இந்தப் படியையும்தான்.

2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, விலைவாசி உயர்வை 4 சதவீதத்தில் நிறுத்தவேண்டும், 2 கூடலாம், 2 குறையலாம் என்று இலக்கு வைக்கப்பட்டது. வெளிவிலையைவிட உள்விலை முக்கியம் என்பது இந்த அளவுக்காவது ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் யாருடைய கூடையை வைத்து விலைவாசியை அளக்கிறார்கள்? 2012ஐ அடிப்படையாகக் கொண்டிருந்த பொது விலைக் குறியீட்டில் உணவுக்கு நூறில் 46 பங்கு எடை இருந்தது. விவசாயத் தொழிலாளர்களுக்கென்று 1986-87ஐ அடிப்படையாகக் கொண்டிருந்த தனிக் குறியீட்டில் உணவுக்கு நூறில் 69 பங்கு இருந்தது. தக்காளியும் பருப்பும் இருமடங்காகும்போது, சராசரிக் குடும்பத்துக்கு 4 சதவீதமாகத் தெரியும் ஏற்றம் ஒரு கூலிக் குடும்பத்துக்கு 4 சதவீதமாக இருக்காது. நூறு நாள் வேலையின் கூலியை இந்தப் பழைய கூடையை வைத்துத்தான் பல ஆண்டுகள் உயர்த்தினார்கள். கைப்பேசி ரீசார்ஜும் பள்ளி வேன் கட்டணமும் இல்லாத காலத்துக் கூடை அது. 2024-25இல் தமிழ்நாட்டில் அந்தக் கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய்.

ஒரு நோட்டு, ஒரு பேனா

எங்கள் படிப்பு வட்டத்தில் இதைப் பேசி முடித்தபோது ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "சரி, நாங்கள் என்ன செய்யமுடியும்? ரூபாயை நாம் நிறுத்தமுடியுமா?" முடியாது. ஆனால் அளக்கமுடியும்.

உங்கள் காலனியில் பத்து வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, பக்கத்துக் கடையில் துவரம் பருப்பு, எண்ணெய், தக்காளி, வெங்காயம், முட்டை விலையை எழுதுங்கள். எரிவாயு உருளை, ரீசார்ஜ், பள்ளி வேன் கட்டணம் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அந்த வீட்டில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று எழுதுங்கள். ஒரு நாள் கூலிக்கு எத்தனை கிலோ பருப்பு கிடைக்கிறது என்று வகுத்துப் போடுங்கள். ஓராண்டு முடியும்போது உங்கள் கையில் ஒரு குறியீட்டு எண் இருக்கும். கிராம சபையில் பேசவும், ஒப்பந்ததாரரிடம் கூலி பேசவும், குறைந்தபட்சக் கூலி கேட்டுத் தொழிலாளர் துறைக்கு மனு எழுதவும் அது உதவும். 'விலையெல்லாம் ஏறிப்போச்சு' என்று நாம் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். 'போன ஆண்டு எங்கள் ஒரு நாள் கூலிக்கு மூன்றரை கிலோ பருப்பு, இப்போது இரண்டே முக்கால்' என்று நோட்டை விரித்துக் காட்டினால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அடுத்த ஏப்ரல் 14 அன்று ரிசர்வ் வங்கி முத்திரையோடு அந்தப் படம் வரும்போது, அதை அனுப்பாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அதோடு உங்கள் நோட்டின் ஒரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

ஜெய்பீம்.